நான் அளந்த அரை மணி நேரம்

எனக்குக் கிடைத்த முதல் வேலை, மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்ப்பது. தபால் ஆபீஸில் முப்பது வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றிருந்த அப்பாவுக்கு இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அவர்கள் வேலை பார்ப்பார்கள், நீ அவர்களைப் பார்ப்பாய், அதற்கு உனக்குச் சம்பளம், அப்படித்தானே என்று கேட்டுவிட்டு, தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தார். புள்ளியியலில் பட்டம் வாங்கிக்கொண்டு இரண்டு வருஷமாக ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளைச் சுற்றிக்கொண்டிருந்தவனுக்கு ரோஷப்படக்கூட யோக்கியதை கிடையாது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனம். அடுத்த நூற்றாண்டில் தொழிற்கூடங்கள் எப்படி அமைந்திருக்கும், மனிதர்கள் அதில் எப்படி வேலை செய்வார்கள் என்று கண்டுபிடிக்க நாலைந்து ஊர்களில் ஆலைகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்று. அதிலும் கோன் வைண்டிங் பகுதி மட்டும். அங்கே உள்ளூர்ப் பாஷை தெரிந்த, கணக்குப் போடத் தெரிந்த ஓர் ஆள் தேவைப்பட்டான். ஆறு மாதத்துக்கு மட்டும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கோன் வைண்டிங் என்றால் வேறொன்றுமில்லை. சின்னச் சின்னக் கட்டைகளில் சுற்றி வரும் நூலைப் பெரிய கூம்புகளில் மாற்றிச் சுற்றும் வேலை. முழுக்கப் பெண்கள். ஒருவருக்கு ஓர் இயந்திரம். நூல் அறுந்தால் ஓடிப்போய் உள்ளங்கையில் மாட்டியிருக்கும் சின்னக் கருவியால் முடிச்சுப் போட வேண்டும். கட்டை காலியானால் ஓடிப்போய் மாற்ற வேண்டும். ஷிப்ட் முடிகிறவரை நின்றுகொண்டும் நடந்துகொண்டும் இருப்பார்கள். பஞ்சுத்தூசி பறந்துகொண்டே இருக்கும். மத்தியானத்துக்குள் எல்லோருடைய புருவமும் நரைத்துவிடும்.

ஆராய்ச்சியை நடத்திய பேராசிரியர் கெட்ட மனிதர் அல்ல. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கெட்டவனைத் தேடுகிறவர்கள் முதலில் அவரிடம்தான் போவார்கள். அவரோடு கட்டட வரைபடம் போடும் ஓர் அம்மாவும் வந்திருந்தார். இந்த அம்மா சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண்களோடு தரையில் உட்கார்ந்து, அவர்களுடைய தூக்குவாளியிலிருந்தே வாங்கிச் சாப்பிடுவார். எதிர்காலத்தில் இந்த இடம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். ஒருவரையொருவர் இடித்து, நீ சொல் என்று தள்ளிவிட்டார்கள். கடைசியில் ஒரு பெண், உட்கார ஓர் இடம் இருந்தால் நன்றாயிருக்கும் என்று சொல்ல, ஏதோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டது போல மற்றவர்கள் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அந்தப் பகுதியில் உட்காருவது குற்றம்.

அந்த அம்மா படம் வரைந்தார். இயந்திரத்துக்கு ஒரு முக்காலி. மேற்கே மலையைப் பார்த்து அகலமான ஜன்னல்கள். பத்தடிக்குள் குடிதண்ணீர். பின்பக்கம், மூச்சுமுட்டினால் போய் உட்கார ஒரு சின்ன அறை. அந்தப் படத்தை நான் நம்பினேன். காலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகும்போது, அடுத்த நூற்றாண்டைக் கட்டுவதில் எனக்கும் ஒரு கை உண்டு என்று நெஞ்சு நிமிர்ந்திருந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

என் வேலை இது. கழுத்தில் ஸ்டாப்வாட்ச், கையில் அட்டை. பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை பகுதி முழுக்க ஒரு சுற்று நடந்து, ஒவ்வொரு பெண்ணும் அந்தக் கணத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று குறிபோட வேண்டும். தாளில் ஐந்து கட்டங்கள். வேலை, நடை, பேச்சு, சும்மா, ஆள் இல்லை. இந்த ஐந்துக்குள் அடங்காத எதையும் மனிதர்கள் வேலை நேரத்தில் செய்வதில்லை என்று சென்னையிலேயே முடிவுசெய்து அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். கடைசியில் குறிப்பு எழுத ஒரு கோடு மட்டும் உண்டு.

பக்கத்துப் பக்கத்து இயந்திரத்தில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருவர் மம்சாபுரம், மற்றவர் சுந்தரபாண்டியம். ஆலையில் எல்லோரும் ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். சுந்தரபாண்டியத்து அக்கா நெடுநெடுவென்று இருப்பார். நடையே ஓட்டமாக இருக்கும். மம்சாபுரத்து அக்கா இரண்டு மூன்று வயது சின்னவர். பஞ்சுத்தூசி நெஞ்சுக்குள் போய்ப்போய் அவருக்கு இழுப்பு வந்திருந்தது. மாற்றி மாற்றி நாலு டாக்டரைப் பார்த்தாயிற்று. புருஷன் கூமாப்பட்டிப் பக்கம் தோட்ட வேலைக்குப் போனவர் வேறு குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டார். இரண்டு பெண் பிள்ளைகள். இந்த வேலை போனால் மூன்று வயிறு காய வேண்டியதுதான். இதெல்லாம் அவர் சொல்லி எனக்குத் தெரிந்ததல்ல. ஆலையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அந்தப் பகுதியில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்திக்கு முடியாமல் போனால், தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து இயந்திரத்தின் முனையில் போட்டுவிட்டுப் பின்பக்கம் போவாள். துண்டு கிடந்தால் ஆள் இருப்பதாக அர்த்தம். பக்கத்து இயந்திரக்காரி இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வாள். சூப்பர்வைசரும் துண்டைப் பார்த்தால் பேசாமல் போய்விடுவார். எத்தனை வருஷமாக இது நடந்தது என்று யாருக்கும் தெரியாது. மம்சாபுரத்து அக்காவின் துண்டு ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது அங்கே கிடக்கும். அரை மணி நேரம் பின்பக்கப் படியில் குனிந்து உட்கார்ந்து, மூச்சு சீரானதும் திரும்பி வருவார்.

துண்டுக்கு என் தாளில் கட்டம் இல்லை. முதல் வாரம் நான் பார்த்ததைப் பார்த்தபடி ‘ஆள் இல்லை’ என்று குறித்தேன். சாயங்காலம் தாளைப் புரட்டிய சூப்பர்வைசர் மறுநாள் மம்சாபுரத்து அக்காவை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து ஏசினார். அவருக்கு அந்தத் துண்டைப் பற்றி எல்லாம் தெரியும். ஆனால் கண்ணால் பார்த்ததைக் கண்டும் காணாமல் விட்டுவிடலாம், காகிதத்தில் ஏறியதை அப்படி விட முடியாது. இன்னொரு தடவை இப்படி வந்தால் மேலே எழுத வேண்டியிருக்கும் என்று சொன்னார்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அக்கா என்னிடம் வந்தார். கோபமெல்லாம் இல்லை. "தம்பி, அந்தக் கடைசிக் கட்டத்துல மட்டும் போடாத. செத்த நேரம் ஒக்காந்தா மூச்சு சரியாயிரும். நான் எங்கயும் போயிரலை, இங்கனதான் இருக்கேன்" என்றார்.

நான் பெரிய புத்திசாலி அல்லவா? பொய்யும் எழுதக்கூடாது, அவரையும் மாட்டிவிடக்கூடாது என்று இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். துண்டு கிடக்கும் நேரங்களில் அவருடைய வரிசையில் எதுவும் போடாமல், குறிப்புக் கோட்டில் இப்படி எழுதினேன்: ‘அருகில் உள்ளவர் இரண்டு இயந்திரங்களையும் சேர்த்துக் கவனிக்கிறார். உற்பத்தி குறையவில்லை.’ அத்தனையும் உண்மை. சுந்தரபாண்டியத்து அக்காவுக்கும் அதில் ஒரு பெருமை இருக்கட்டும் என்று நினைத்தேன். மற்ற ஜோடிகளிலும் துண்டு கிடந்தபோதெல்லாம் இதையே எழுதினேன். பேராசிரியர் அந்தக் கோட்டைப் படித்துவிட்டு, நல்ல கவனிப்பு என்று என் தோளில் தட்டினார். சூப்பர்வைசர் அதன்பின் ஏசவில்லை.

அந்த ஆறு மாதமும் பகுதி பறந்தது. அதற்கு முன்னால் இல்லாத அளவுக்குக் கூம்புகள் இறங்கின. வேறு ஆலைகளில் ஸ்டாப்வாட்சைக் கண்டால் தொழிலாளிகள் வேண்டுமென்றே கையைத் தளர்த்துவார்கள், இன்று காட்டுகிற வேகமே நாளைக்குக் கட்டாய அளவாகிவிடும் என்பதால் அதுதான் புத்தி என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். இங்கே நேர்மாறு. நான் அட்டையோடு உள்ளே நுழைந்தால் போதும், பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட ஆரம்பிப்பார்கள். பேராசிரியருக்கே ஆச்சரியம். நான் நன்றாகப் பழகுவதால்தான் இப்படி என்றார் அவர். நானும் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். துண்டு கிடக்கும் அரை மணி நேரத்தில் சுந்தரபாண்டியத்து அக்கா தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டு இயந்திரத்துக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருப்பார். மற்றவர் திரும்பி வந்ததும் தூணில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடி இரண்டு நிமிஷம் நிற்பார். அப்போது அவருடைய இயந்திரத்தையும் மம்சாபுரத்து அக்காதான் பார்ப்பார். இரண்டொரு தடவை என் சுற்று அந்த நேரத்தில் வந்தது. தாளில் ‘சும்மா’ என்று குறித்தேன். வேறு கட்டம் இல்லை.

அறிக்கை அச்சாகி வந்தது. மேனேஜர் அறையில் கூட்டம். காப்பி கொடுத்தார்கள். படம் வரைந்த அம்மா ஜன்னலையும் முக்காலியையும் தண்ணீரையும் பற்றிப் பேசினார். மேனேஜர் தலையாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார், செலவு என்ன ஆகும் என்று ஒரு தடவை மட்டும் விசாரித்தார், பிற்பாடு பார்க்கலாம் என்றார். அடுத்துப் பேராசிரியர் பேசினார். ஒரு தொழிலாளி ஓர் இயந்திரம் என்பது பழைய ஏற்பாடு, இரண்டைக் கவனிக்கும் திறன் இவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, ஆய்வுக் காலம் முழுக்க அது பதிவாகியிருக்கிறது என்றார். என் வாக்கியம் ஆங்கிலத்தில், தனி வரியாக, தடித்த எழுத்தில் இருந்தது. மேனேஜர் அந்தப் பக்கத்தை மட்டும் மடித்து வைத்துக்கொண்டு பக்கத்திலிருந்தவரிடம் தெலுங்கில் "பாகுந்தி" என்றார். நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். அச்சில் என் எழுத்தைப் பார்த்த சந்தோஷத்தில் எனக்கு வேறு எதுவும் உறைக்கவில்லை. ஒரு பிரதியை வாங்கிக்கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த வரியை இரண்டு தடவை படித்தார். சிரிக்கவில்லை. அப்படியென்றால் அந்த இன்னொரு ஆளுக்கு என்னடா வேலை என்று கேட்டார்.

அறிக்கைக்குப் பிறகும் சில வாரம் எங்களை அங்கேயே இருக்கச் சொல்லியிருந்தார்கள்; அடுத்த மாதமே உத்தரவு வந்துவிட்டது. ஒருவருக்கு இரண்டு இயந்திரம். மற்றவர் கணக்கை முடித்துக்கொண்டு போக வேண்டியது. யார் போவது என்பதை மட்டும் நிர்வாகம் பெரிய மனது பண்ணி அந்தந்த ஜோடியிடமே விட்டுவிட்டது. நீங்களே பேசி முடிவுசெய்து சாயங்காலத்துக்குள் பெயரைச் சொல்லுங்கள் என்றார்கள். சில ஜோடிகள் சண்டை போட்டன. சில ஜோடிகள் சீட்டு எழுதிக் குலுக்கின.

சுந்தரபாண்டியத்து அக்கா தான் போவதாகச் சொன்னார். அவருக்கு மூத்த மகன் சம்பாதிக்க ஆரம்பித்திருந்தான். "ஏட்டி, நீ இரு. எனக்கு எப்படியும் கழிஞ்சிரும்" என்றார்.  மம்சாபுரத்து அக்கா, நீ போய்விட்டால் இரண்டு மெஷினையும் ஒற்றையில் நான் எப்படிப் பார்ப்பேன், மூச்சு வாங்கினால் யாரிடம் விட்டுவிட்டுப் போவேன் என்று கேட்டார்.  யார் தாங்கிப் பிடித்ததால் இவரால் அங்கே நிற்க முடிந்ததோ, அவரை அனுப்பிவிட்டு இவர் மட்டும் நிற்பது எப்படி? மம்சாபுரத்து அக்காவே போய்த் தன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். இதை நான் பத்தடி தூரத்தில் அட்டையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை பேராசிரியர் தங்கியிருந்த லாட்ஜுக்குப் போனேன். வழியெல்லாம் பேச வேண்டியதை மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனேன். அது உபரித் திறன் இல்லை சார், உதவி. அரை மணி நேரத்துக்குத்தான் முடியும், நாள் முழுக்க முடியாது. இன்னொருத்தி திரும்பி வருவாள் என்பதால்தான் அந்த அரை மணி நேரமே முடிந்தது. இப்படி நாலு வரி. சொல்லவும் செய்தேன், திக்கித் திணறி.

அவர் பொறுமையாகக் கேட்டார். "நீங்க எழுதினதுல ஏதாவது பொய் இருக்கா?" என்றார். இல்லை என்றேன். முடியும் என்றுதான் நாம் சொல்லியிருக்கிறோம், செய்யுங்கள் என்று சொல்லவில்லையே என்றார். படங்களையும் சேர்த்துத்தானே கொடுத்தோம், அவற்றை அவர்கள் எடுத்துக்கொள்ளாததற்கு நாம் என்ன செய்ய முடியும் என்றும் வருத்தத்தோடு சொன்னார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். வேண்டுமானால் நான் ஒரு திருத்தக் குறிப்பு எழுதிக் கொடுக்கலாம், மேனேஜருக்கு அனுப்புவதாகச் சொன்னார். ஆனால் அதன்பிறகு ஆய்வு முழுவதையும் யாரும் நம்ப மாட்டார்கள் என்றார். பிறகு மேஜை மேல் கிடந்த ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். சென்னையில் நிரந்தர வேலைக்கான உத்தரவு. என் பெயர் டைப் அடித்திருந்தது.

திருத்தக் குறிப்பை நான் எழுதவில்லை. யோசிக்க அவகாசம் கேட்டேன் என்றோ, மனசாட்சியோடு போராடினேன் என்றோ சொன்னால் கேட்க நன்றாயிருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தேங்க்ஸ் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவ்வளவுதான்.

சுந்தரபாண்டியத்து அக்கா இரண்டு இயந்திரங்களோடு இரண்டு வருஷம் ஓடினார், முழங்கால் போய் நின்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். தொண்ணூறுகளில் தானாக முடிச்சுப் போட்டுக்கொள்ளும் இயந்திரங்கள் வந்து அந்தப் பகுதியையே காலி செய்துவிட்டன. எப்படியும் போகிற வேலைதானே, நீ எழுதாவிட்டாலும் போயிருக்கும் என்று இதைக் கேட்ட நண்பர்கள் ஆறுதல் சொல்வார்கள். அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம். இழுப்பு இருக்கிறவளுக்கு ஏழெட்டு வருஷச் சம்பளம் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது.

நான் சென்னையில் எதிர்காலத்தை ஆராய்ந்துகொண்டே இருந்தேன். தடுப்புச் சுவர் இல்லாத ஆபீஸ் பற்றி எழுதினேன். கம்ப்யூட்டர் வந்தபின் ஜனங்கள் ஆபீஸுக்கே வர வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், அதுதான் வரப்போகும் விடுதலை என்று ஒரு கட்டுரைக்குக் குறிப்புகள் எடுத்துக்கொண்டிருந்த வருஷம், கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வந்தேன். என்ன தோன்றியதோ, ஒரு நாள் காலையில் மம்சாபுரம் பஸ்ஸில் ஏறிவிட்டேன். எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. கடையில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன்.

அக்கா தரையில் உட்கார்ந்து பேண்டேஜ் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார்கள், சுருட்டிக் கொடுத்தால் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. ஒரே அறை. அடுப்பும் அங்கேதான். துணியிலிருந்து கிளம்பிய தூசி வாசல் வெளிச்சத்தில் மிதந்தது. நன்றாக இளைத்திருந்தார். பேசும்போது நடுநடுவே நிறுத்தினார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து எழுந்திருக்கப் பார்த்தார். நான் வேண்டாமென்று பக்கத்தில் உட்கார்ந்தேன். பெண் பிள்ளைகள் இரண்டும் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள் என்றார்.

அந்த அறிக்கையில் நான் ஒன்று எழுதியிருந்தேன் அக்கா என்று தொடங்கினேன். அவர் கையை ஆட்டி நிறுத்தினார்.

"அது கெடக்கட்டும். ஒனக்கு அந்த வேலை நிரந்தரமாச்சா? அதச் சொல்லு மொதல்ல."

ஆகிவிட்டது என்றேன். அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ரிப்போர்ட்டு நல்லா வந்தாத்தான் ஒன்ன வச்சிருப்பாகன்னு டீக்கடையில பேசிக்கிட்டிருந்தியாம்ல. சுந்தரபாண்டியத்துக்காரி கேட்டுட்டு வந்து சொன்னா. நம்ம பக்கத்துப் புள்ள, படிச்சிட்டுச் சும்மா கெடந்துருக்கு, நம்மால அதுக்கு வேலை போயிரக் கூடாதுன்னு அம்புட்டுப் பேரும் பேசி வச்சுல்ல ஓடுனோம்." செத்த நேரம் மூச்சு வாங்கினார். "ஓடுனது வீண் போகலை" என்றார்.

சொல்ல வந்ததை நான் சொல்லவில்லை. சொன்னால் அவருக்கு மிஞ்சியிருக்கிற அந்த ஒரு சந்தோஷமும் போய்விடும் என்று திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். எனக்குத் தைரியம் இல்லை.